வலைத்தளத்தின் இரு பாஷைகள்

1995ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்தே தினங்களில் வகுத்த ஜாவாஸ்கிரிப்டும், தம் சுயவிவரப் பக்கத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்க ராஸ்மஸ் லெர்டார்ஃப் எழுதிய கருவிகளாக அதே ஆண்டில் வெளிவந்த பி.எச்.பி.யும், இயங்கும் ஸ்தானத்தால் வேறுபட்டவை. முன்னது வாசகரின் பிரௌசருக்குள் இருந்துகொண்டு, பொத்தானை அழுத்தியவுடன் பக்கத்தை மாற்றுகிறது. பின்னதோ தொலைவிலுள்ள சர்வரில், தரவுத்தளத்திலிருந்து விஷயங்களைத் திரட்டி, பக்கத்தை முழுமையாகச் சமைத்தே அனுப்புகிறது. விக்கிப்பீடியா இன்றும் பி.எச்.பி.யில்தான் நடக்கிறது என்பதை, அந்தப் பாஷையைப் பழமையென்று இகழ்வோர் சற்றே சிந்திக்க வேண்டும். 2009இல் ரயான் டால் படைத்த நோட்.ஜே.எஸ். என்னும் இயக்கச் சூழல் வாயிலாக ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிலும் பரவலாயிற்று. ஒரே பாஷையால் இரு காரியங்களும் கைகூடுவது பெரும் சௌகரியமே. ஆயினும், சிறு கடைக்கோ பள்ளிக்கோ தளம் அமைக்க முற்படுவோர், மலிவான சர்வர்களிலும் சிரமமின்றி இயங்கும் பி.எச்.பி.யை முதலில் பயில்வதே உசிதமென்பது என் திடமான அபிப்பிராயம்.