டிசம்பர் 13 மனுவுக்குக் கடைசி நாள் அல்ல

வன உரிமைச் சட்டம் பற்றி எழுதினாலே அரக்கோணம், திருத்தணிப் பக்கத்து வாசகர்கள் ஒரே கேள்வியை அனுப்புகிறார்கள்: 2005 டிசம்பர் 13 எப்போதோ முடிந்துவிட்டதே, இருளர் பழங்குடியினர் இனி நில உரிமை கோரி மனுப் போட முடியுமா? முடியும். அந்தத் தேதிக்கு முன்பிருந்தே வன நிலம் அனுபவத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனுவுக்கான கெடு வேறு: கிராம சபை மனுக்களைக் கோரிய நாளிலிருந்து மூன்று மாதம். காரணத்தை எழுதிவைத்துச் சபையே அதை நீட்டிக்கலாம்.

அதிகாரிகள் பேச்சில் வன உரிமைச் சட்டம் பட்டா கொடுக்கும் சட்டம். அதைவிடப் பெரிய விஷயம் 5ஆவது பிரிவில் இருக்கிறது. காட்டையும் விலங்கையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரத்தை அது உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது. 2012இல் திருத்தப்பட்ட விதிகள் இன்னும் துணிந்தன. சபை அமைக்கும் குழு காட்டுக்கான பராமரிப்புத் திட்டத்தை எழுத வேண்டும். வனத்துறையின் திட்டத்தோடு அதை இணைக்க வேண்டும். இணைக்கும்போது எதை மாற்றலாம் என்று சொல்வது துறை அல்ல, அந்தக் குழு. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்திலிருந்து இருளர் போன்ற மக்களை அத்துமீறியவர்களாகவே நடத்திய துறைக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறு இல்லை. பட்டா வழங்கும் எந்த விழா மேடையிலாவது இதைச் சொல்கிறார்களா?

காட்டைக் காக்கும் வேலைக்கான கூலி பற்றி மட்டும் 5ஆவது பிரிவில் ஒரு சொல் கிடையாது. ஆஸ்திரேலிய அரசு 2007 முதல் பழங்குடி ரேஞ்சர்களுக்குச் சம்பளம் தந்து அவர்கள் மண்ணை அவர்களையே காக்கவைக்கிறது. இருளரின் அறிவுக்குப் பணம் தரும் வழி நம்மிடமும் உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம்தான் விஷமுறிவு மருந்தாகிறது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறையின் அனுமதியில் இருக்கிறது. காவல் அதிகாரமும் கூலியும் ஒரே கையில் சேராதவரை 5ஆவது பிரிவு கூலிக்காகச் செங்கல் சூளைக்குப் போகும் இருளர் குடும்பத்தைக் காட்டுக்குத் திருப்பாது.

மற்ற கேள்விகள்:

ஏரிப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு இந்த உரிமை உண்டா? இல்லை, வன நிலத்துக்கு மட்டும்.

ஆவணம் இல்லையே? இரண்டு சான்று போதும். பெரியவர்கள் சொல்வதை எழுதிப் பதிந்தால் அதுவும் ஒன்று.

சாதிச் சான்றிதழ்? கோட்டாட்சியரிடம்.

கிராம சபை மறுத்தால்? 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம்.