வலி போனது, தெம்பும் போனது ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் பாரம் தூக்குபவருக்கு இடுப்புவலி புதிதல்ல. சில நாளைக்கு எழுதித் தந்த டிரமடால் மாத்திரையை அவர் மாதக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்? வலி அடங்கும். கூடவே ஓயாத அசதி, தாம்பத்திய ஆசைக் குறைவு, விறைப்புக் கோளாறு வரலாம். பெண்களுக்கு மாதவிலக்கு தவறலாம். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கலாம்.

எப்படி?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை அனுப்ப, விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் ஹைப்போதலாமஸின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு முதல் சமிக்ஞையையே அமுக்கிவிடுகின்றன. ஷிப்ட் சங்கு ஊதாத ஆலை மாதிரி, விரைகள் நன்றாக இருந்தும் வேலை நடப்பதில்லை. இதே வழியில் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிசாலும் குறையலாம். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2016-இல் இவ்விரண்டு குறைவுகளைப் பற்றியும் எச்சரித்தது. இந்தியாவில் டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

எல்லா வலி மாத்திரையும் இப்படியா?

இல்லை. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் ஓபியாய்டு வகை அல்ல. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் தரும் மார்ஃபினிலும் இந்த விளைவு வரலாம்; ஆனால் அதற்கு அஞ்சி மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.

என்ன செய்வது?

காலை வேளையில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்எச் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சுரப்பு மீளும். ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.