விரிசல் கூறும் முன்னறிவிப்பு

சுவர் ஒரே நாளில் விழுவதில்லை. விரிசலாலும் உதிரும் காரையாலும் முன்னரே அறிவித்துவிட்டுத்தான் விழுகிறது. அவ்வறிவிப்பைச் சட்டத்தின் மொழியில் உரிமையாளர்க்கு உரைப்பது உள்ளாட்சியின் கடமையாகும்.

தமிழக நகராட்சிகளை 2023 வரை நெறிப்படுத்திய 1920ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கொரு வழி வகுத்திருந்தது. இடியும் நிலையிலுள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ, சுற்றி அடைக்கவோ, இடித்தகற்றவோ நிர்வாக அதிகாரி உரிமையாளர்க்கு அறிவிப்பு விடுக்கலாம். ஆபத்து உடனடியானதாயின், கெடு முடியுமுன் தாமே அப்பணியை மேற்கொண்டு, செலவினை உரிமையாளரிடம் பெறலாம். உடைமையினும் உயிர் பெரிது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

எனினும், உள்ளாட்சியே உரிமையாளராயின் அறிவிப்பை யார் யாருக்கு விடுப்பது? கொள்ளிட வடகரையிலுள்ள திருமானூர் போன்ற ஒன்றியங்களில் இவ்வினா எழுவது இயல்பே. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களைப் பேண வேண்டியது ஒன்றியமன்றோ? பொறியாளர் ஆய்வு, சான்று, இடிப்பாணை எனக் கோப்பு நடக்கும் நாள்களிலும் மாணவர் அவ்வறையிலேயே அமர்ந்திருப்பின் சட்டம் இருந்தும் பயனில்லை. முதலில் அறையைப் பூட்டுதல் வேண்டும். பிறகு கோப்பு நடக்கலாம்.

திருநெல்வேலியில் 17.12.2021 அன்று, அரசு உதவிபெறும் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். அதன்பின் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன, பழுதுற்றவை இடிக்கப்பட்டன. மூன்று உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற விழிப்பு அது.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்றுமுன், அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடுகிறது. ஊரின் பழுதுற்ற சுவர்களை அன்று பெயர் சுட்டித் தீர்மானத்தில் ஏற்றுவோமாயின், உள்ளாட்சிக்கு மக்கள் விடுக்கும் அறிவிப்பாக அது அமையும்.