உத்தியோகமும் உள்ளமும்

நமது நாட்டில் முன்பின் அறியாத இருவர் ரயில் வண்டியிலோ கல்யாணப் பந்தலிலோ சந்தித்தால், ஊரும் பேரும் விசாரித்த பின் எழும் கேள்வி ஒன்றே: "தங்களுக்கு என்ன உத்தியோகம்?" வரும் விடையைக் கொண்டே மனிதனுக்கு நாற்காலியா, பெஞ்சியா, திண்ணையா என்பது தீர்மானமாகிவிடுகிறது. கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டு ஏறியவராதலால், இந்தக் கேள்வியினால் நாம் அடைந்த லாபமே அதிகம். ஆயினும் அது மனிதனை அளக்கும் கோல் அன்று என்பதை நாளுக்கு நாள் உணர்ந்து வருகிறோம். உத்தியோகம் பெரும்பாலும் தகப்பனாரின் வறுமையாலும், பரீட்சை அதிகாரியின் பேனாவாலும், யாரோ ஒருவரின் சிபார்சாலும் வந்து வாய்ப்பது. மனிதன் தானாகத் தேர்ந்துகொள்வது வேறொன்று. அதை அறிய இரண்டாவது கேள்வி கேட்கவேண்டும்: "கச்சேரி கலைந்த பிறகு தாங்கள் என்ன செய்கிறீர்கள்?"

கூலியை எதிர்பாராமல் ஒரு கலையில் ஈடுபடுகிறவனுக்கு மேனாட்டார் 'அமெச்சூர்' என்று பெயரிட்டார்கள். அச்சொல்லுக்கு மூலப் பொருள் நேசிப்பவன் என்பதே. நம்மவர்க்கும் அச்சொல் புதியதன்று. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பகலில் வக்கீல், பிற்காலத்தில் நீதிபதி. மாலையில் நாடகாசிரியர், நடிகர். ஆனால் இன்று நாம் சொல்ல வந்தது மேடையைப் பற்றியதன்று. அதனினும் பெரிய அரங்கமாகிய வானத்தை இரவுதோறும் நோக்கிய ஒரு கூட்டத்தாரைப் பற்றியது.

வான சாஸ்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் பட்டதாரிகளின் நடுவே எத்தனை விதமான மனிதர்கள் நிற்கிறார்கள்! 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அப்போது பாத் நகரத்தில் ஆர்கன் வாசித்தும் சங்கீதம் கற்பித்தும் ஜீவித்தவர். சூரியனின் புள்ளிகள் சுமார் 10 வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன என்று 1843-ல் வெளியிட்ட ஷ்வாபே, ஜெர்மனியில் மருந்துக்கடை நடத்தியவர். 15 வருஷம் தேடி 1845-ல் அஸ்திரேயா என்னும் சிறு கிரகத்தைக் கண்ட ஹெங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். இவர்களில் எவரும் வானத்தைப் பார்ப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர் அல்லர். பாராமல் இருக்க முடியாதவர்கள், அவ்வளவே.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். விடை எளிது. நட்சத்திரங்களில் பல ஒரே நிதானமாய் ஒளிவிடுவதில்லை. சில நாட்களிலோ, சில மாதங்களிலோ, வருஷங்களிலோ மங்கியும் பெருகியும் வருகின்றன. நாம் மார்கழியில் கொண்டாடும் திருவாதிரையே அத்தகையது. 2019-ம் வருஷக் கடைசியிலும் 2020-ம் வருஷத் தொடக்கத்திலும் அது வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கியதைப் பலர் கண்டிருப்பர். இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை இரவு தவறாமல் கவனிக்க, சம்பளம் பெறும் பண்டிதர்கள் போதமாட்டார்கள். அன்றியும் அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இந்தியாவில் இரவு. ஓர் ஊரில் மேகம் மூடினால் மற்றோர் ஊரில் வானம் தெளிவு. ஆகவே உலகெங்கும் பல கண்கள் வேண்டும்.

வேலையின் முறையும் கடினமானதன்று. மாறும் நட்சத்திரத்தின் அருகே, ஒளி இன்னதென்று முன்பே நிச்சயிக்கப்பட்ட இரண்டு நட்சத்திரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றைவிட இது எவ்வளவு குறைவு, மற்றொன்றைவிட எவ்வளவு அதிகம் என்று மதிப்பிட்டு, நாளையும் மணியையும் குறித்துவிட வேண்டும். நேற்றைய குறிப்பைப் பார்த்து இன்றைய மதிப்பைத் திருத்தலாகாது. முன் கொடுத்த வாக்குமூலத்தை நெட்டுருச் செய்து ஒப்புவிக்கும் சாட்சியின் மதிப்பு என்ன என்பது எம்மைப் போன்ற வக்கீல்களுக்கு நன்றாய்த் தெரியும். இந்த வேலைக்கு வேண்டியவை மூன்று: நல்ல கண், நேர்மை, பொறுமை. இவற்றுக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் வழங்குவதில்லை.

இவ்விதம் சிதறிக் கிடந்த நேசர்களை ஒன்று சேர்க்க 1911-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒளி மாறும் நட்சத்திரங்களை அவதானிப்போரின் சங்கம் அது. அதை ஸ்தாபித்த வில்லியம் டைலர் ஆல்காட் தொழிலால் வக்கீல் என்பதைச் சிறிது பெருமையுடனேயே இங்குக் குறிக்கிறோம். ஆயினும் அந்தச் சங்கத்தாரில் நமது உள்ளத்தை முற்றும் கவர்ந்தவர் வக்கீல் அல்லர். வங்காளத்துக் கஜானாக் குமாஸ்தா ஒருவர்.

ராதா கோவிந்த சந்திரர் 1878-ல் ஜெஸ்ஸோர் ஜில்லாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தைக் காட்டிலும் இரவு வானமே அவருக்கு உவப்பாயிருந்தது. பிரவேசப் பரீட்சைக்கு மூன்று முறை சென்று மூன்று முறையும் தவறினார். அக்காலத்தில் அந்தப் பரீட்சையில் தவறியவனை உலகம் மூடன் என்றே முத்திரையிட்டது. கடைசியில் கலெக்டர் கச்சேரிக் கஜானாவில் நாணயங்களைச் சோதித்து வாங்கும் வேலை கிடைத்தது. ஆரம்பச் சம்பளம் மாதம் 15 ரூபாய். பகல் முழுவதும் எது நல்ல வெள்ளி, எது கள்ள வெள்ளி என்று பார்ப்பது அவர் கடமை. அதே கண்ணை இரவில் வேறு வெள்ளிகளின்மேல் திருப்பினார்.

அவருக்கு நட்சத்திரங்களை அடையாளம் காட்டியவர் அதே ஊரில் வக்கீலாயிருந்த காளிநாத் முகர்ஜி. வான சாஸ்திர நூல்கள் இயற்றிய அந்த அறிஞர், கட்சிக்காரர்களின் தஸ்தாவேஜுகளுக்கிடையே நட்சத்திரப் படங்களையும் எழுதி வந்தார். 1910-ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது சந்திரர் ஒரு சிறு இரட்டைக் கண்ணாடியைக் கொண்டே அதைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். அதன்பின் சாந்திநிகேதனத்து விஞ்ஞான ஆசிரியர் ஜகதானந்த ராயின் யோசனைப்படி, 1912-ல் 3 அங்குல தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். ஒரு குமாஸ்தாவின் வீட்டில் அந்தப் பணத்துக்கு எத்தனை தேவைகள் காத்திருந்திருக்கும் என்பதை, சம்பளக்காரக் குடும்பங்களில் பிறந்த நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

1918 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, திருவோண நட்சத்திரம் இருக்கும் கழுகு மண்டலத்தில், முன்பு இல்லாத பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை அவர் கண்டார். மங்கியிருந்த நட்சத்திரம் ஒன்று திடீரென வெடித்துப் பிரகாசிப்பதைப் புது நட்சத்திரம் என்பார்கள். 1604-க்குப் பிறகு அவ்வளவு ஒளியுடன் வேறொன்று தோன்றியதில்லை. உலகின் பல பாகங்களிலும் அதைத் தாமாகவே கண்டவர்களில் ஜெஸ்ஸோர்க் குமாஸ்தாவும் ஒருவர். அவர் தமது குறிப்புக்களை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்கு எழுதி அனுப்பினார். அங்கிருந்தவர்கள், "நீர் என்ன பரீட்சை தேறினீர்?" என்று கேட்கவில்லை. மேற்சொன்ன சங்கத்தில் சேருமாறு அழைத்தார்கள். 1926-ல் அந்தச் சங்கம் தன் அங்கத்தினர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த 6 அங்குலக் கண்ணாடியைக் கடல் தாண்டி அவருக்கு அனுப்பிவைத்தது. 1928-ல் பிரெஞ்சு அரசாங்கம் விருதளித்துக் கௌரவித்தது. அவரிடம் முப்பது வருஷத்துக்கு மேல் நாணயம் எண்ணும் வேலை வாங்கிய சர்க்கார் அந்தக் கண்ணின் அருமையை அறியாதிருக்க, அறிந்தவர்கள் 8,000 மைலுக்கு அப்பால் இருந்தார்கள் என்பதை நினைக்க மனம் சிறிது கசக்கவே செய்கிறது.

1954 வரையில் அவர் அனுப்பிய அவதானங்கள் 37,000-க்கு மேல். இந்த எண்ணைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தூக்கத்தை விட்டெழுந்த ஒரு பொழுது. ஒவ்வொன்றும் பனியிலும் கொசுக்கடியிலும் நின்று எழுதிய ஒரு வரி. தேசம் பிரிந்தபின் அவர் தம் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாராசாத்துக்கு வந்து, 1975-ல் அங்கேயே காலமானார். சொந்த ஊரை விட்டு வந்த முதியவரிடமும் அதே வானமும் அதே குறிப்புப் புத்தகமும் இருந்தன.

அந்த 6 அங்குலக் கண்ணாடியின் கதி என்ன? கண் தளர்ந்த காலத்தில் சந்திரர் அதைத் தம்மோடு வைத்துப் பூட்டவில்லை. அது பிரசித்தி பெற்ற வான சாஸ்திரி வைணு பாப்புவின் கைக்குச் சென்றது. பின்னர் நமது ஜவ்வாது மலையில் அவர் ஸ்தாபித்த காவலூர் வானாராய்ச்சி நிலையத்தை அடைந்தது. வைணு பாப்புவும் இளமையில் ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்தே இத்துறையில் புகுந்தவர். அமெரிக்க நேசர் ஒருவரின் கண்ணாடி, வங்காளக் குமாஸ்தாவின் கையில் பயன்பட்டு, தமிழ்நாட்டு மலையொன்றில் வந்து தங்கிய இந்த யாத்திரையைவிட அழகிய யாத்திரை ஒன்றை நாம் அறியோம்.

சந்திரர் தனி ஒருவர் என்று எண்ணவேண்டாம். சிகாகோ நகரத்துக் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிய பர்ன்ஹாம் என்பவர், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களைத் தேடுவதில் இணையற்றவரானார். 6 அங்குலக் கண்ணாடியைத் தம் வீட்டுக் கொல்லையில் நாட்டி அந்த வேலையைத் தொடங்கினார். தாமே 1,300-க்கு மேற்பட்ட இரட்டைகளைக் கண்டார்; 1894-ல் லண்டன் ராஜரீக வான சாஸ்திர சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்றார்; 1906-ல் 13,665 இரட்டைகள் அடங்கிய பெரும் பட்டியலை வெளியிட்டார். நடுவில் சில காலம் வானாராய்ச்சி நிலையமொன்றில் உத்தியோகம் ஏற்றும், மீண்டும் கோர்ட்டுக்கே திரும்பி, வாரக் கடைசியில் ரயிலேறிச் சென்று வானம் பார்த்தார். வக்கீல்களின் வாதத்தை ஒரு சொல் விடாமல் எழுதிப் பழகியவருக்கு, வானத்தின் வாக்குமூலத்தையும் வழுவின்றி எழுதுவது இயல்பாயிற்று போலும்!

ஜப்பானில் பியானோ செய்யும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்த இக்கேயா என்னும் இளைஞர், தம் கையாலேயே கண்ணாடி தேய்த்துத் தூரதிருஷ்டி செய்து, 1963-ல் 19-வது வயதில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார். 1965 செப்டம்பரில் அவரும், வேறோர் ஊரில் கிதார் கற்பிக்கும் ஆசிரியராகிய ஸெக்கியும், ஒரே விடியற்காலையில் சில நிமிஷ வித்தியாசத்தில் மற்றொன்றைக் கண்டார்கள். அது அடுத்த மாதம் பட்டப்பகலில் சூரியனருகே தெரியுமளவு பிரகாசித்தது; இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்குகிறது. நியூஸிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் மாவு மில்லிலும், மளிகைக் கடையிலும், மோட்டார் வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலையிலும் மாறி மாறி உழைத்தார். 2013-ல் காலமாகுமுன் அவர் செய்த அவதானங்கள் 5 லட்சத்துக்கு மேல். உத்தியோகம் மூன்று மாறியது. உள்ளத்தின் தொழில் மாறவில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. "இப்போது யந்திரங்களே இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்கின்றனவே, இனி இந்த நேசர்களால் என்ன பயன்?" என்பர் சிலர். 2019-ல், சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்ததென அறியப்பட்ட முதல் வால் நட்சத்திரத்தைக் கண்டவர், கிரிமியாவில் கருவிகளைப் பேணும் என்ஜினீயரான போரிஸோவ். கண்டது தாமே செய்த கருவியால். அவர்களுக்கு இதுவே போதிய விடை. யந்திரமே எல்லாவற்றையும் கண்டுவிடும் காலம் வரினும், நேசிப்பவனுக்கு நஷ்டமில்லை. ஆலயத்தில் அர்ச்சகர் இருக்கிறார் என்பதற்காக நாம் சுவாமி தரிசனத்தை விட்டுவிடுகிறோமா?

நம்மை உண்மையில் கலங்கச் செய்யும் ஆட்சேபம் வேறு. "மாலை ஓய்வு இருப்பவனுக்கன்றோ இதெல்லாம்?" என்று ஓர் ஏழைத் தொழிலாளி கேட்டால் அதற்குப் பதில் ஏது? 12 மணி நேரம் உழைத்து விழுகிறவனுக்கு இரண்டாவது கேள்வியே கிடையாது. நமது வீட்டுப் பெண்மக்களின் நிலையோ இன்னும் மோசம். அவர்களுக்குக் கச்சேரி கலைவதே இல்லை. வில்லியம் ஹெர்ஷலின் தங்கை கரோலின், தமையனாருக்கு வீடு பார்த்து, அவர் குறிப்புக்களைப் படியெடுத்து, மிஞ்சிய பொழுதில் வானத்தைத் துழாவி வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தாள். மிஞ்சிய பொழுதிலேயே இவ்வளவு என்றால், முழுப் பொழுதும் இருந்திருந்தால் எவ்வளவு! ஆகையால் உழைப்போரின் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடுவோர், கூலியையும் உடம்பையும் மட்டும் காக்கவில்லை. எங்கோ ஒரு சந்திரருடைய இரவையும் காக்கிறார்கள். ஓய்வு சோம்பலன்று, மனிதன் தன் சொந்த எஜமானனாய் இருக்கும் நேரம் அது ஒன்றே.

நாமும் நம்மைச் சோதித்துக் கொண்டோம். ஆங்கிலம் பயின்று, சட்டம் கற்று, மேடையேறித் தேசத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் சென்ற வாரம் வீட்டுச் சிறுவன் ஒருவன் மாடியில் நின்று, "திருவாதிரை எது?" என்று கேட்டபோது, விரல் நீட்ட நமக்குத் தெரியவில்லை. விடிவெள்ளியையும் ஆறாமீனையும் பார்த்து நேரம் அறிந்து ஏற்றம் இறைத்த நம் பாட்டனாருக்கு அது தெரிந்திருக்கும்.

ஆதலால் நமது நேயர்களுக்கு, முக்கியமாய்ப் பொது வேலையில் இறங்கியுள்ள இளைஞர்களுக்கு, ஒரு விண்ணப்பம். உங்கள் சங்கத்திலோ வாசகசாலையிலோ புதிதாய் ஒருவர் வந்தால் அவருடைய உத்தியோகத்தைக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். கணக்கெழுதும் பிள்ளையும், தபால்காரரும், பரீட்சையில் மும்முறை தவறியவரும் சொல்லும் விடை உங்களைத் திடுக்கிடச் செய்யக்கூடும். கேட்பார் இல்லாமையால் சொல்லப்படாமலே மறைந்த விடைகள் இத்தேசத்தில் ஏராளம். ஒருவருடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்க்க நமக்கும் கண் வேண்டும். ஹார்வர்டிலிருந்து கடிதம் வரும்வரை காத்திருத்தல் நமக்குப் பெருமையாகாது.