உங்களுக்குத் தெரியுமா? கொழுந்தியாளை மணக்கலாம், அண்ணன் மனைவியை?

மனைவியை இழந்த ஒருவர் கொழுந்தியாளை மணக்க 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இறந்தபின் தம்பி மதினியை மணந்தால், அதே சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது!

• விதிவிலக்கு உண்டு. இருவர் சமூகத்திலும் அப்படி மணப்பது வழக்கமாக இருந்தால் செல்லும். எங்கோ ஒருவர் செய்தார் என்றால் போதாது. நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வரும் வழக்கம் என்று நிரூபிக்க வேண்டும். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருப்பதுதான். நம் பக்கம் அதைக் காப்பாற்றுவதும் இதே விதிவிலக்கு.

• 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடைப் பட்டியலில் அண்ணன் மனைவி இல்லை. பலருக்குத் தெரியாத வழி இது.

• இஸ்லாத்தில் மனைவி உயிரோடு இருக்கையில் அவள் தங்கையை மணக்க முடியாது, இறந்தபின் மணக்கலாம். அண்ணனின் விதவையையும் மணக்கலாம்.

• இங்கிலாந்தில் இறந்த மனைவியின் சகோதரியை மணக்க 1907 வரை, சகோதரனின் விதவையை மணக்க 1921 வரை அனுமதி இல்லை.

பிள்ளைகளுக்காக என்று பெரியவர்கள் இப்படி ஒரு திருமணத்தைப் பேசி முடிக்கும் முன், வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள்.