இலவசக் குடையின் விலை

விற்பவரின் நேர்மை குறித்து நமது ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அளவையில் குறைத்தலும் பதுக்கலும் பாவம் என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். வாங்குவோருக்கும் அத்தகைய பொறுப்பு உண்டா? தூத்துக்குடித் துறைமுகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கரைக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியே கோலோச்சியது. அதற்கு மாற்றாக 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

ஆங்கிலேயக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பின்னர் முன்னது கட்டணமே வாங்காமல் ஏற்றிச் செல்லவும், கூடவே குடை ஒன்று வழங்கவும் முன்வந்தது. அப்போதும் சுதேசிக் கப்பலையே நாடிய மக்கள் இருந்தனர். பல கடல்வழிகளில் பொருளீட்டும் பெரிய நிறுவனம் ஒரு வழியில் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். போட்டியாளர் வீழ்ந்தபின் கட்டணத்தைத் தன் விருப்பம்போல் உயர்த்தும். இலவசக் குடையின் விலை அப்போதுதான் வசூலிக்கப்படும்.

சந்தையில் உலர்திராட்சையை மலிவாக விற்ற ஹாத்திப் (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்தும்படியோ சந்தையை விட்டு விலகும்படியோ உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் செய்தி உள்ளது. உமர் (ரலி) அவர்கள் பின்னர் அக்கட்டளையை விலக்கிக்கொண்டதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாகவும் அறிவிப்பு உண்டு. ஆகவே, மலிவாக விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது. பிறரை அழிக்கும் நோக்குடன் விற்பதே, தீங்கிழைத்தல் கூடாது என்னும் ஷரீஅத்தின் பொது விதியோடு மோதுகிறது. சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம் போட்டியை ஒழிக்க அடக்கவிலைக்கும் கீழே விற்பதை இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் தடுக்கிறது.

எனினும், வாங்குவோரின் உறுதி மட்டும் போதுமானதன்று. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். தலைமையை இழந்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. நீதியான அரசும் பொறுமையுள்ள பங்குதாரர்களும் இல்லாதபோது பயணிகள் மட்டும் என்ன செய்ய இயலும்? ஆனால், அப்பயணிகள் குடைக்காகக் கப்பல் மாறியிருந்தால், அந்நிறுவனத்தை வீழ்த்தச் சிறைச்சாலை தேவைப்பட்டிருக்காது.

இன்று நம் கைப்பேசியிலும் இலவசங்கள் வந்து குவிகின்றன. அவற்றை ஏற்குமுன் இரண்டு வினாக்களை எழுப்புவோம்: இதன் செலவை யார் சுமக்கிறார்? எதிரே உள்ள சிறுகடை மூடப்பட்டபின் விலையை யார் நிர்ணயிப்பார்? நமது பணம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை எவ்வாறு ஈட்டினோம் என்பதோடு, எதில் செலவிட்டோம் என்றும் நாம் மறுமையில் வினவப்படுவோம்.