கையெழுத்துப் போட்டால் விலக்கு

இத்தாலியில் 1978 மே மாதம் வந்த 194-ஆம் எண் சட்டம், முதல் 90 நாட்களுக்குள் அரசு மருத்துவமனையில் கருக்கலைப்புக்கு வழிவிட்டது. இதன் முக்கியப் பகுதிகளை நீக்கக் கோரி கத்தோலிக்க இயக்கம் ஒன்று முன்வைத்த யோசனை 1981-ல் பொது வாக்கெடுப்புக்குப் போனபோது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. சட்டம் நிலைத்தது. ஆனால் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களில் பெரும்பாலோர் கருக்கலைப்பு செய்வதில்லை. சுகாதார அமைச்சகத்தின் 2021 கணக்குப்படி மறுப்பவர்கள் சுமார் 63 சதவீதம். சிசிலியில் இது எண்பதைத் தாண்டும். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

இவர்கள் யாரும் சட்டத்தை மீறவில்லை. மறுக்கும் உரிமையை அதே சட்டத்தின் 9-வது பிரிவே தருகிறது. மனசாட்சி இடம்தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். அது மத நம்பிக்கையா, வேறு காரணமா என்று யாரும் துருவுவதில்லை. மயக்க மருந்து நிபுணர்களும் செவிலியர்களும்கூட விலக்குப் பெறலாம்.

விலக்கு கருக்கலைப்புச் செயலுக்கு மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்க மறுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மறுப்பு செல்லவே செல்லாது. கருக்கலைப்புக்குப் பிறகு ரத்தப்போக்கு அபாயத்தில் இருந்த பெண்ணைப் பார்க்க, பணியில் இருந்த ஒரு மருத்துவர் மேலதிகாரிகள் உத்தரவிட்டும் வர மறுத்தார். அவருக்கு விதிக்கப்பட்ட ஓராண்டு சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013-ல் உறுதிசெய்தது.

சட்டம் மறுக்கும் உரிமையைத் தனிமனிதருக்குக் கொடுத்தது. சேவையை நடத்தும் கடமையை மருத்துவமனை மீதும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பை மாகாண அரசு மீதும் சுமத்தியது. ஒரு மருத்துவமனையில் அத்தனை மருத்துவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடமையை யார் செய்வது? வேறிடத்திலிருந்து ஆள் அனுப்பலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஏட்டில் இருப்பது எல்லா ஊருக்கும் வந்துசேரவில்லை. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வாழும் மோலிசே மாகாணம் பல ஆண்டுகள் ஒரே ஒரு மருத்துவரை நம்பியிருந்தது. மாற்று ஆள் கிடைக்காமல் அவருடைய ஓய்வே தள்ளிப்போனது. மறுக்காத மருத்துவர் ஒருவருக்குச் சராசரியாக வாரம் ஒரு கருக்கலைப்புதான் வருகிறது, ஆள் போதும் என்பது அமைச்சகத்தின் வாதம். சராசரி சரியாகவே இருக்கட்டும். ஏழு நாள் யோசனைக் காலமும் 90 நாள் கெடுவும் நெருக்க, பக்கத்து மாகாணத்துக்கு ஓடும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

இத்தனை பேர் மறுப்பதற்குப் பக்தி மட்டும் காரணமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. மறுக்காதவர் தலையில்தான் அந்த வேலை முழுவதும் விழுகிறது. அப்படிப்பட்டவர்கள் பணியிடத்தில் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 2016-ல் வெளியான முடிவில் சொன்னது. மறுத்தவர் இழப்பது எதுவுமில்லை.

இதே நாடு ராணுவ சேவையை மறுத்த இளைஞர்களை நடத்திய விதம் வேறு. 1972-ல் வந்த சட்டம் அவர்களுக்குத் துப்பாக்கிக்குப் பதில் பொதுப்பணி கொடுத்தது, ஆனால் எட்டு மாதம் கூடுதலாக. மறுப்பு உண்மையானதுதானா என்று ஆராய ஒரு குழுவும் இருந்தது. கூடுதல் மாதங்களை அரசியல் சாசன நீதிமன்றம் 1989-ல்தான் நீக்கியது. அந்த இளைஞன் கட்டாயத்தின் பேரில் அழைக்கப்பட்டவன். இன்றைய மருத்துவரோ தானே விரும்பி மகப்பேறுத் துறைக்கு, அதுவும் அரசுப் பணிக்கு வந்தவர். அவருக்கும் மாற்றுப் பணியாக ஏதாவது வைப்பதில் என்ன தவறு?

ரோமின் சான் கமில்லோ மருத்துவமனை 2017-ல் வேறொரு வழியை எடுத்தது. கருக்கலைப்புச் சேவைக்கென்றே தனியாக மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்தது. இது மனசாட்சி உரிமையைக் குலைக்கிறது என்று ஆயர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. நிரப்பப்பட்ட இடங்கள் இரண்டு.